பால்கனி வெட்டவெளி ஆகாது: சிறிய பெல்லட் கிரில்லை எங்கே வைப்பது, எப்படி மூட்டுவது

கையில் தூக்கிக்கொண்டு போகும் அளவிலான பெல்லட் கிரில் ஒன்றை வாங்கியவர் கோழிக்கு மசாலா தடவுவதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்துவிட வேண்டும்: அடுப்பை எங்கே வைப்பது? கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்கள் பலருக்கும் உடனே தோன்றும் இடம் பால்கனி. கிள்ளானில் தரை வீட்டுக்காரர்களுக்குத் தோன்றும் இடம் கார் போர்ச். இரண்டும் தவறான இடங்கள். அதற்கான காரணங்களை விளக்கமாகச் சொல்வதற்கே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியைச் செலவிடுகிறேன். இடம் சரியாக அமைந்துவிட்டால் மற்றப் பாதுகாப்பு விதிகள் எளிதாகக் கைக்கு வரும். இடம் தவறினால் மற்ற எல்லா விதிகளையும் கடைப்பிடித்தும் ஆபத்து நீங்காது. இந்த அடுப்பு சிறியதாக இருப்பதால் நமக்குக் கிடைக்கும் உண்மையான நன்மை, அதைக் கீழே தரைக்குக் கொண்டுபோக முடிகிறது என்பதுதான். சிறியது என்பதாலேயே மேலே பால்கனியில் வைக்கலாம் என்று எண்ணும்போது அந்த நன்மையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறோம்.

அடுப்பின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது விளங்கும். 1980களின் நடுவில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ ட்ரேகர் என்பவர் உருவாக்கிய அமைப்பைத்தான் இன்றைய பெல்லட் கிரில்கள் ஏறக்குறைய அப்படியே பின்பற்றுகின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள குட்டைக் குச்சிகள்தான் பெல்லட். அவை ஒரு தொட்டியில் கிடக்கும். தொட்டியின் அடியில் மோட்டாரால் சுழலும் திருகுத் தண்டு ஒன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி ஒரு சிறு இரும்புக் கிண்ணத்தில் கொட்டும். கிண்ணத்தில் உள்ள மின்கம்பி சூடேறி பெல்லட்டைப் பற்றவைக்கும். விசிறி காற்றை ஊதும். வெப்பத்தை அளக்கும் கருவி, எப்போது இன்னும் கொஞ்சம் பெல்லட் தள்ள வேண்டும் என்று முடிவு செய்யும். கிண்ணத்தின் மேல் கொழுப்பு வடியும் தகடு, அதற்கு மேல் கம்பித் தட்டு. சமைப்பவர் எண்ணை அழுத்திவிட்டு நகர்ந்துவிடலாம்.

இந்த வசதியிலிருந்தே முதல் ஆட்சேபணை பிறக்கிறது: “இது மின்சார அவன் மாதிரிதானே, சூட்டை அதுவே பார்த்துக்கொள்கிறது, பால்கனியில் வைத்தால் என்ன?” மின்சார அவனில் சுவிட்சை அணைத்தால் சூட்டின் ஊற்று அங்கேயே நின்றுவிடும். பெல்லட் கிரில்லில் மின்சாரம் பார்ப்பது ஊட்டும் வேலையையும் ஊதும் வேலையையும்தான், எரிவது விறகு. கிண்ணத்தில் விழுந்துவிட்ட பெல்லட் சுவிட்சைக் கேட்டு எரிவதில்லை. அதோடு, எரிகிற கிண்ணத்துக்கும் எரியாத எரிபொருள் நிறைந்த தொட்டிக்கும் நடுவே இருப்பது ஒரு குறுகிய குழாய்தான். சிறிய கிரில்களில் அந்தக் குழாய் இன்னும் குட்டை. விசிறி நின்றுபோனால் தீ அந்தக் குழாய் வழியே பின்னோக்கி ஊர்ந்து தொட்டியைத் தொடும் வாய்ப்பு உண்டு. ஆகவே இதை அவன் வகையில் சேர்க்காமல், தானே விறகு தள்ளிக்கொள்ளும் விறகடுப்பு என்று நினைவில் வைத்துக்கொள்வதே சரி. விறகடுப்பை எட்டாம் மாடி வரவேற்பறையின் ஓரத்தில் யாரும் மூட்ட மாட்டார்கள்.

அடுத்த ஆட்சேபணை புகையைப் பற்றியது. விசிறி ஊதுவதால் தீ சுத்தமாக எரிகிறது, கரியடுப்பைப் போலப் புகைவதில்லை என்கிறார்கள். பாதி உண்மை. அதிக சூட்டில், காற்று தாராளமாகக் கிடைக்கும்போது பெல்லட் நன்றாகவே எரியும். ஆனால் பெரும்பாலோர் இந்த அடுப்பை வாங்குவது புகை மணத்துக்காக. புகை மணம் வருவது குறைந்த சூட்டில், மரம் முழுமையாக எரியாமல் கனியும்போது. மரம் முழுமையாக எரியாத இடத்தில் கார்பன் மோனாக்சைடும் பிறக்கும். அந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்குவதை வெயில் களைப்பு என்றோ வயிற்றுக்கோளாறு என்றோ எண்ணிவிடுவது எளிது. ஆக, மணம் வேண்டும் என்பவர் புகையே வராது என்ற வாதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள முடியாது.

பால்கனி திறந்த இடம்தானே, காற்று அடித்துக்கொண்டு போய்விடாதா என்று கேட்கலாம். அடுக்குமாடிப் பால்கனியின் அமைப்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சுவர், பின்னால் வீட்டின் கண்ணாடிக் கதவு, மேலே அடுத்த வீட்டின் தரை. திறந்திருப்பது ஒரு முகம் மட்டும். அந்த முகத்தின் வழியாகத்தான் காற்று உள்ளேயும் வரும். எதிர்க்காற்று அடிக்கும்போது புகை வெளியேறாமல் கதவு இடுக்கு வழியே வீட்டுக்குள் திரும்பும். காற்று இல்லாதபோது சூடான புகை நேரே மேலேறி மேல்வீட்டுப் பால்கனிக்குப் போகும். அங்கே துணி காயலாம், குழந்தை உறங்கும் அறையின் சன்னல் திறந்திருக்கலாம், ஆஸ்துமா உள்ள ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கலாம். கிண்ணத்திலிருந்து பறக்கும் பொறியும் சாம்பலும் விழுவது கீழ்வீட்டில். பல பால்கனிகளில் ஏர்கோன் வெளிக்கருவியும் துணி காயப்போடும் கம்பியும் ஓர் எட்டுத் தூரத்திலேயே இருக்கும். பெயரில்தான் வெளி, தீயின் கணக்கில் அது ஒரு சுவர் இல்லாத அறை.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. தீபகற்ப மலேசியாவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஆள்வது 2013ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம். அதன் கீழ் வந்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் எல்லாக் குடியிருப்புகளுக்கும் பொதுவான துணைவிதிகள் இருக்கின்றன. புகையோ ஆவியோ கெட்ட வாடையோ எழுப்பக்கூடிய எந்தப் பொருளையும் எரிபொருளாகப் பயன்படுத்தக் கூடாது என்று வீட்டு உரிமையாளருக்கு அவை தடை விதிக்கின்றன. பெல்லட் அந்த வரிக்குள் அப்படியே பொருந்துகிறது. நிர்வாகம் தனியாக அறிவிப்பு ஒட்டவில்லையே என்பது வாதமாகாது; துணைவிதி ஏற்கெனவே இருக்கிறது. இந்த அடுப்பு பிறந்த அமெரிக்காவில் பல மாநிலங்களும் நகரங்களும் ஏற்றுக்கொண்டுள்ள தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பும் இதே வழியில்தான் போகிறது. பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களில் பால்கனியிலோ, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூரையின் கீழோ, கட்டடத்திலிருந்து 10 அடிக்குள்ளோ கிரில் மூட்டக் கூடாது என்கிறது. 10 அடி என்பது 3 மீட்டர். நம் ஊர் அடுக்குமாடிக்கும் தரை வீட்டுக்கும் அந்த மூன்று மீட்டரையே அளவாகக் கொள்ளலாம்.

“அப்படியானால் புதுமனை புகும்போது வீட்டுக்குள் ஹோமம் வளர்க்கிறோமே, வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி போடுகிறோமே?” இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது, நம் வீடுகளில் தீ தெய்வ காரியத்தோடு கலந்தது. ஹோம குண்டத்தின் முன் ஐயர் உட்கார்ந்திருக்கிறார். குடும்பமே சுற்றி உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு சமித்தும் நெய்யும் மனிதக் கையால், அளவோடு போடப்படுகிறது. சில மணி நேரத்தில் முடிந்து நெருப்பு ஆற்றப்படுகிறது. அங்கேயும் சன்னல்களைத் திறந்துவைத்து, புகை உறுத்தும் முதியவர்களை வேறு அறையில் உட்காரவைப்பது அவசியம்தான். பெல்லட் கிரில்லில் நான்கு ஐந்து மணி நேரம் தீ எரியும், கொழுப்பு சொட்டிக்கொண்டே இருக்கும், எரிபொருளைத் தள்ளுவது ஒரு மோட்டார், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்லித்தான் அது விற்கப்படுகிறது. காஜாங்கில் சாத்தே சுடுபவரையும் இதே இடத்தில் நினைத்துப் பார்க்கலாம். கூரையின் கீழே நாள் முழுவதும் கரி மூட்டுகிறாரே என்பார்கள். அவர் முன்பக்கம் திறந்த கடையில் நிற்கிறார். விசிறிக்கொண்டே இருக்கிறார். கொழுப்பு விழுந்து தீ எகிறினால் அந்த நொடியிலேயே குச்சிகளை நகர்த்துகிறார். அவருடைய அடுப்புக்கு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி அவருடைய கண்தான். நம்முடைய அடுப்பு அந்தக் கண்ணை வேறு வேலைக்கு அனுப்பிவிடுகிறது. ஒப்பீடு அங்கேயே முறிந்துவிடுகிறது.

நெருக்கமாக வாழும் ஊரில் ஒரு வீட்டின் தீ ஒரு வீட்டோடு நிற்பதில்லை. 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீப்பிடித்தபோது மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக ஒட்டி ஒட்டி இருந்த வீடுகள் வரிசையாக எரிந்தன. அந்த ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. அதன் பிறகு பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் ஸ்வெட்டன்ஹாம் ஆட்சியில் செங்கல்லும் ஓடுமாக நகரைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்றானது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த நிலம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ். அன்றைய நகரத்துக்கு வெளியே, திறந்த நிலத்தில், அவ்வளவு பெரிய தீக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இன்று அதே மண்ணில் அடுக்குமாடிகள் தோளோடு தோள் நிற்கின்றன. சுவர்கள் எரியாத பொருளாகிவிட்டன. உள்ளே இருக்கும் சோபாவும் திரைச்சீலையும் மெத்தையும் எரிகிற பொருள்தான்.

கிள்ளான் பக்கத்துத் தரை வீடுகளுக்கு வருவோம். தாமான்களில் உள்ள வரிசை வீடுகளில் முற்றம் என்று மிஞ்சியிருப்பது போர்ச் மட்டும். அதன் மேல் பிளாஸ்டிக் தகட்டுக் கூரை, கீழே பெட்ரோல் நிரப்பிய கார், மூலையில் மோட்டார் சைக்கிள், சில வீடுகளில் மாற்றுவதற்காக வைத்த கேஸ் தோம்பு, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். தீபாவளி நேரத்தில் இதோடு பந்தல் துணியும் அலங்கார விளக்குக் கம்பிகளும் சேரும். போர்ச்சில்தான் மூட்டியாக வேண்டும் என்றால் காரையும் மோட்டார் சைக்கிளையும் வெளியே எடுத்துவிட்டு, கேஸ் தோம்பை வீட்டின் பின்பக்கம் வைத்துவிட்டு, கூரை முடியும் இடத்தையும் தாண்டி, கேட்டுக்கு அருகில் திறந்த வானத்தின் கீழ் அடுப்பை வைக்க வேண்டும். அதற்கு இடம் இல்லாத வீட்டில் மூட்டாமல் இருப்பதே சரி. மேசைமேல் வைக்கும் சிறிய வகையாக இருந்தால் மேசை இரும்பாகவோ சிமெண்டாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் மேசையின்மேல் துணி விரித்து வைப்பது ஆபத்தை நாமே விரித்து வைப்பதாகும்.

வேறு எங்கே போவது? பல கொண்டோமினியங்களில் நீச்சல்குளத்துப் பக்கம் பார்பெக்யூவுக்கென்றே இடம் கட்டியிருக்கிறார்கள். நிர்வாக அலுவலகத்தில் முன்பதிவு செய்தால் கிடைக்கும். சொந்தக் கிரில்லைக் கொண்டுவர அனுமதி உண்டா என்பதை அப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மோரிப் கடற்கரைக்கோ போர்ட்டிக்சனுக்கோ குடும்பமாகப் போகும்போது இந்தச் சிறிய அடுப்பு அதன் முழுப் பயனையும் தரும். அங்கே மின்சாரம் வேண்டுமே என்றால், ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பற்றவைக்கும் நேரத்தில் மின்கம்பி 200 முதல் 300 வாட் வரை இழுக்கும். தீப் பிடித்த பிறகு மோட்டாருக்கும் விசிறிக்கும் 50 வாட்டுக்குள் போதும். காரின் சிகரெட் லைட்டர் துளை சாதாரணமாகத் தாங்குவது 120 முதல் 180 வாட். அதில் இன்வெர்ட்டர் மாட்டி மூட்டினால் பியூஸ் போகும், அல்லது கம்பி சூடேறும். கையடக்க பேட்டரிப் பெட்டியே நல்லது.

வீட்டு மின்சாரத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கிரில்கள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை 120 வோல்ட், 60 சுழற்சிக்கு உரியவை; நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சுழற்சி. முனையை மட்டும் மாற்றி மாட்டினால் பற்றவைக்கும் கம்பி ஏறத்தாழ நான்கு மடங்கு சக்தியில் சூடேறும். மின்மாற்றி போட்டு வோல்ட்டைக் குறைத்தாலும் சுழற்சி மாறாது. ஏசி மோட்டார் உள்ள கிரில்களில் திருகுத் தண்டு மெதுவாகச் சுழன்று, பெல்லட் ஊட்டும் கணக்கே பிசகும். ஆகவே 230 வோல்ட் என்று தகட்டில் பொறித்த அடுப்பையே வாங்குங்கள். முனையும் நீட்டிப்புக் கம்பியும் சிரிம் முத்திரை உள்ளவையாக, நிலக்கம்பியோடு கூடிய மூன்று முனை வகையாக இருக்க வேண்டும். மாட்டும் சாக்கெட்டுக்கு 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் கசிவுக்காப்பு இருக்கிறதா என்று மின்பணியாளரிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கு இடிமின்னல் மிகுந்த பகுதி. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களே இங்கே மாலை மழையும் அதிகம் உள்ள மாதங்கள். மழை வந்துவிட்டால் எரிகிற அடுப்பைக் கூரைக்குள் இழுக்கத்தான் கை நீளும். அதைச் செய்யாதீர்கள். காலையில் மூட்டி மதியத்துக்குள் முடிப்பது இந்த ஊர் வானத்துக்குப் பொருந்தும் நேரம். இருட்டிக்கொண்டு வந்தால் முதல் தூறலுக்கு முன்பே அணைக்கத் தொடங்குங்கள். மிச்சத்தை வீட்டு அடுப்பில் வேகவையுங்கள்.

பெல்லட்டைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஊருக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. மலேசியாவில் பெல்லட் தொழில் சிறியதல்ல. ஆனால் அதில் பெரும்பகுதி கொதிகலன்களுக்காகச் செய்யப்படுவது. ரப்பர் மரத்தூளும் செம்பனைக் குலைச் சக்கையும் அதன் மூலப்பொருள்கள். ரப்பர் மரம் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாவதால், மரச்சாமான் செய்வதற்கு முன் அதைப் போரான் மருந்தில் ஊறவைப்பது வழக்கம். தொழிற்சாலைக் கழிவுத்தூளில் பிசினும் சாயமும்கூடக் கலந்திருக்கலாம். பார்வைக்கு உணவுக்கான பெல்லட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. செல்லப்பிராணிக் கடையில் பூனைக்கழிவுக்காக விற்கும் பைன் மரப் பெல்லட்டும் அப்படித்தான் தோன்றும். உணவு சுடுவதற்கு என்று பையில் தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. ஈரப்பதம் நம் ஊரில் மிக அதிகம் என்பதால் பிரித்த பையை அப்படியே வைத்தால் பெல்லட் ஊறி உதிர்ந்து, திருகுத் தண்டில் சிமெண்டு போல இறுகிவிடும். இறுக்கமான மூடியுள்ள வாளியில் போட்டு, சிறிய அளவில் வாங்குவது உத்தமம். மூட்டை மூட்டையாக வாங்கிக் காற்றோட்டமற்ற ஸ்டோர் அறையில் அடுக்குவது வேண்டாம்: எரியாமல் சும்மா கிடக்கும் பெல்லட்டும் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். 2006இல் ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் துறைமுகத்தில் பெல்லட் ஏற்றி வந்த கப்பலின் படிக்கட்டுக் கூண்டில் இறங்கிய மாலுமி ஒருவர் அந்த வாயுவால் இறந்தார். ஒரு வாளி பெல்லட் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் எந்தப் பொருளைக் கையாளுகிறோம் என்பதை அது காட்டுகிறது.

மூட்டும் முறை அடுப்புக்கு அடுப்பு சற்று மாறும். அதனதன் கையேட்டையே பின்பற்றுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவானது தீக்கிண்ணத்தைப் பற்றிய கவனம். மூட்டுவதற்கு முன் கிண்ணத்தில் பழைய சாம்பலும் எரியாத பெல்லட்டும் இல்லாமல் துடைத்திருக்க வேண்டும். பற்றாமல் போனாலோ, நடுவில் அணைந்து போனாலோ, திருகுத் தண்டு அது தெரியாமல் பெல்லட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். அந்த நிலையில் மறுபடி பொத்தானை அழுத்தினால் கிண்ணம் நிறையக் குவிந்த பெல்லட் ஒன்றாகக் கனிந்து, மூடிக்குள் புகை திரண்டு, ஒரே நொடியில் குப்பென்று பற்றும். மூடி எகிறித் திறந்துகொள்ளும். முகத்தில் காயம் படுவது இப்படித்தான். அணைந்துவிட்டது என்று தெரிந்தால் மின்சாரத்தை நிறுத்தி, அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, கிண்ணத்தைக் காலி செய்த பிறகே அடுத்த முயற்சி. விருந்தினர் வந்து உட்கார்ந்திருக்கும்போது இந்த அரைமணி நேரம் பெரிதாகத் தோன்றும். ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. கையால் பெல்லட் அள்ளிப் போடுவதும், மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவதும் எந்நாளும் கூடாது.

கொழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் ஊறிய கோழி, கொழுப்புள்ள ஆட்டுத்தொடை, இவையெல்லாம் நிறையவே வடியும். வடிதகட்டின் அலுமினியத் தாளை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். கொழுப்பு வாளியைக் காலி செய்யுங்கள். மீறித் தீப்பிடித்தால் மூடியைத் திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். எட்டும் தூரத்தில் பாதுகாப்பாக முடிந்தால் சுவர் சுவிட்சை அணையுங்கள். விசிறி நின்றால் தீக்குக் காற்றுப் பஞ்சம் வரும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில், ஆனால் அடுப்பை ஒட்டி இல்லாமல் இருக்கட்டும். அடங்கவில்லை என்றால் எல்லோரையும் விலக்கிவிட்டு 999ஐ அழைத்து பொம்பாவை, அதாவது தீயணைப்புத் துறையைக் கேளுங்கள்.

இங்கே ஒரு முரண் இருப்பதாகத் தோன்றலாம்: கொழுப்புத் தீயின்போது மின்சாரத்தை நிறுத்து என்கிறேன், வழக்கமாகச் சமைத்து முடித்தபின் மின்சாரத்தைப் பிடுங்காதே என்று இப்போது சொல்லப்போகிறேன். இரண்டுக்கும் காரணம் விசிறிதான். சமையல் முடிந்ததும் அணைக்கும் பொத்தானை அழுத்தினால் திருகுத் தண்டு நின்றுவிடும். விசிறி மட்டும் சிறிது நேரம் ஓடி, கிண்ணத்தில் மிஞ்சியதை முழுவதும் எரித்துத் தீர்க்கும். அதற்குமுன் கம்பியைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சிய கங்கு காற்றில்லாமல் கனிந்து, முன்பு சொன்ன குழாய் வழியாகத் தொட்டியை நோக்கிப் போகும். வாடகைக்கு எடுத்த நேரம் முடிந்துவிட்டது, காவலாளி விளக்கை அணைக்கிறார் என்பதற்காகச் சூடான அடுப்பைத் தூக்கி லிஃப்ட்டுக்குள் வைப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். காரின் பின்பெட்டியில் ஏற்றுவதும் அப்படியே. பின்பெட்டி ஒரு மூடிய அறை. பார்பெக்யூ இடத்தை முன்பதிவு செய்யும்போதே ஆறுவதற்கு ஒரு மணி நேரத்தையாவது சேர்த்துக் கேளுங்கள். அடுப்பின் உடம்பு முழுவதும் வெறுங்கை வைத்துத் தாங்கும் அளவுக்கு ஆறியபின் தூக்குங்கள். சாம்பலை அன்றே அள்ள வேண்டாம். மேலே வெளுத்துக் குளிர்ந்து தெரிந்தாலும் உள்ளே கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். அதைத் துப்புரவு இயந்திரத்தால் உறிஞ்சினால் இயந்திரத்தின் பையிலேயே தீ பற்றும், குப்பைக் குழாயில் போட்டால் அடித்தளக் குப்பை அறையில் பற்றும். மறுநாள் காலை, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் அள்ளித் தண்ணீர் தெளித்து, இன்னும் ஒரு நாள் அப்படியே வைத்திருந்துவிட்டுப் பிறகு குப்பையில் சேருங்கள்.